யாழ்ப்பாணம் போகும் வேன் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பொல்பிட்டியவிலிருந்தோ லக்சபான, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தோ யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் முதலில் வேன் வாடகையைப் பேசுகிறார்கள். அடுத்து எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். நேரம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதுவும் ஒரே பேச்சில் முடிந்துவிடுகிறது: "ராத்திரி பத்து மணிக்குக் கெளம்பினா விடிய அங்க நிக்கலாம்." நல்லூர்த் திருவிழாவுக்குப் போனாலும் கிளிநொச்சியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கு தவறானது என்பது எமது கருத்து. அது ஏன் தவறு, எப்படிப் போட்டால் சரி என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

இரவில் புறப்படுவதற்கு மக்களிடம் நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மூன்று பேரின் சம்பளம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். போன இடத்தில் பன்னிரண்டு பேர் தங்க அறை எடுப்பதென்றால் அதற்கொரு செலவு. இரவைப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டால் பகல் முழுக்கக் கோயிலுக்கும் சொந்தங்களுக்கும் மிஞ்சும். வறுமை போடும் இந்தக் கணக்கை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படாமல் விடுபடுகிறது என்பதை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். அது சாரதியின் தூக்கம்.

முதலில் தூரம். பொல்பிட்டியவிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதி 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மொத்தம் 390 என்று வைத்துக்கொள்ளலாம். கைபேசி வரைபடத்தில் பார்த்தால் இது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் இந்த 390 கிலோமீற்றரும் ஒரே மாதிரியானவை அல்ல. முதல் 70 கிலோமீற்றருக்கு வளைவு, மழை, எதிரே வரும் பஸ், கம்பளைக் கடைத்தெரு, பேராதனை நெரிசல் எல்லாம் சேர்ந்து இரண்டரை மணித்தியாலம் போய்விடும். கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்கு இரண்டு மணித்தியாலம். தம்புள்ளையிலிருந்து மிஹிந்தலை, மதவாச்சி தாண்டி வவுனியாவுக்கு இன்னும் இரண்டு. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டரை. சக்கரம் உருளும் நேரம் மட்டும் ஒன்பது மணித்தியாலம். சாப்பாடு, தேநீர், கழிப்பறை, சின்னப் பிள்ளை வாந்தி எடுத்தால் ஓரமாக நிறுத்துவது என்று இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டினால் பதினொன்று.

பதினொரு மணித்தியாலம் என்பது ஒரு முழுப் பகல். யாழ்ப்பாணம் போய் அன்றே திரும்புவது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. திருகோணமலைக்கும் இதே கவனம் வேண்டும். பொல்பிட்டியவிலிருந்து அது ஒரு வழிக்கே 250 கிலோமீற்றர் அளவில் வரும். கோணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அன்றிரவே வீடு வந்து சேர்வதென்றால் ஒரே சாரதி ஒரே நாளில் 500 கிலோமீற்றர் ஓட்ட வேண்டும்.

இனித் தூக்கம். அவுஸ்திரேலியாவில் ட்ரூ டோசன், கத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலவே தடுமாறுகின்றன. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். இலங்கைச் சட்டம் சாரதிக்கு வைத்திருக்கும் எல்லை 0.08. இதை நம் ஊர் வேனுக்குப் பொருத்திப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்காகக் காலை ஐந்து மணிக்கு எழும்பிய சாரதி, மத்தியானம் ஒரு ஹயர், பின்னேரம் திரும்பவும் பிள்ளைகள் என்று ஓடிவிட்டு, இரவு பத்து மணிக்கு உங்கள் லயத்து வாசலில் வந்து நிற்கிறார். அப்போதே அவர் விழித்து 17 மணித்தியாலம் ஆகிவிட்டது. வழியில் ஒரு தேநீரும் குடித்துக்கொண்டு வவுனியாவைத் தொடும்போது மணி ஐந்தாகிறது. அது 24ஆவது மணித்தியாலம். ஒரு சொட்டு மது தொடாதவராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவரது நிலை சட்டம் தண்டிக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பின்னால் பன்னிரண்டு பேர் நல்ல நித்திரை.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூக்கத்தையே கேட்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு மந்தம் வரும். தேநீர், வெற்றிலை, சத்தமான பாட்டு, முகத்தில் தண்ணீர் எதுவும் இதை மாற்றாது. சற்று நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மலையில் ஓட்டிப் பழகிய சாரதிக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. வளைவுக்கு வளைவு கையும் காலும் வேலை செய்வதால் மலை வீதியே அவரை விழிக்க வைத்திருக்கும். வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தை, புளியங்குளம் தாண்டினால் வீதி நேராக, சமமாக, அகலமாகக் கிடக்கிறது. கைக்கு வேலை இல்லை. கண் தானாகச் செருகும். வன்னியில் இரவு நேரத்தில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். யானை கடக்கும் இடங்களும் உண்டு. வெளிச்சம் இல்லாமல் நிற்கும் உழவு இயந்திரத்தைப் பகலில் பார்த்தால் விலகிப் போகலாம். இரவில் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இருட்டில் மலைநாட்டில் நடந்த சில விபத்துகளைப் பாருங்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தது கதிர்காமத்திலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த பிறகு, விடியற்காலையில். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தது இரவில். அவர்கள் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபைக் குழுவினர். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லவில் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் போனதும் இருட்டிய பிறகுதான். அந்த வேனில் இருந்தவர்கள் நம் ஹட்டன் பக்கத்துச் சனங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் மலை இறக்கம், இருட்டு, நெடும் பயணத்தின் ஏதோ ஒரு முனை என்ற மூன்றும் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

பொல்பிட்டியக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சமவெளியில் இருப்பவருக்கு வீடு நெருங்க நெருங்கப் பயணம் இலேசாகும். நமக்கு எதிர்மாறு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை வந்த களைப்போடு, கடைசியாகக் கினிகத்தேனையிலிருந்து ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முழு வழியிலும் மிகக் கடினமான துண்டு கடைசியில் வருகிறது. மழையும் மூடுபனியும் அதிகமாக இருப்பதும் அங்கேதான். ஆகவே திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து போடக்கூடாது. திரும்பி வரும் நாளில் கினிகத்தேனையை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

இறக்கம் ஏன் அவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொல்பிட்டிய மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் ஊரிலேயே இருக்கிறது. லக்சபான அணையின் தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் சக்கரம் சுழன்று மின்சாரம் பிறக்கிறது. ஆட்களோடு சேர்த்து மூன்று தொன் நிறையுள்ள வேன் மலையிலிருந்து இறங்கும்போதும் அதே வகைச் சக்தி வெளிப்படுகிறது. அதற்கு மின்சாரமாக மாற வழியில்லை. பிரேக்கில் வெப்பமாகத்தான் தேங்கும். 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படும் வெப்பம் 40 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்த வெப்பம் முழுவதையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டுமென்றால் அதன் பட்டை வழுக்கத் தொடங்கும், எண்ணெய் கொதித்துக் குமிழி விடும், பெடல் காலுக்குக் கீழே மெத்தென்று இறங்கும். "பிரேக் இல்லாமப் போச்சு" என்று சொல்வது பல நேரம் இதைத்தான். முறிந்த பாகம் ஒன்றும் இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் அந்தச் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டோ கியர் வேனாக இருந்தால் கியர்க் கம்பியை '2'இலோ 'L'இலோ வைக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் உள்ள சாரதி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவரோடு குடும்பத்தை அனுப்பாதீர்கள்.

போகும் நாளுக்கு நாம் சொல்லும் நேரம் காலை ஐந்து மணி. சாரதி முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு வேறு ஹயர் எடுக்கக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குப் படுத்திருக்க வேண்டும். ஐந்துக்கு ஏறினால் கினிகத்தேனை தாண்டும்போது விடிந்துவிடும். பேராதனையிலும் கண்டியிலும் பள்ளிக்கூட நேர நெரிசலில் அரை மணித்தியாலம் போகும். போகட்டும், நெரிசலில் யாரும் பள்ளத்தில் விழுவதில்லை. காலைச் சாப்பாட்டை மாத்தளையில் வைத்துக்கொள்ளலாம்.

மாத்தளையில் நிற்பதற்குச் சாப்பாட்டைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முத்துமாரியம்மன் கோயில் இந்த வீதியோரத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளைப் பக்கத்துக் காடுகளுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நம் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் நிறைவுற்றது. இரண்டு கிழமைக்கு மேல் நடந்தார்கள். மாத்தளைக்கும் மதவாச்சிக்கும் இடையில் உங்கள் வேன் ஓடும் பாதை பெரும்பாலும் அவர்கள் வந்த அதே வழி, எதிர்த்திசையில். பின் சீட்டில் கைபேசியோடு இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பகலில் போனால்தான் அந்தப் பிள்ளை சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கும்.

வவுனியாவில் மத்தியானச் சாப்பாடு. அதற்குப் பிறகு வரும் மந்த நேரத்துக்கு வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த வழியில் வேன் போவதில்லை என்பது பழைய வழக்கம். சாரதிக்கு அது உடம்புக்கும் நல்ல வழக்கம். இறங்கி நடந்து, கச்சான் வாங்கி, தேநீர் குடித்து, வேண்டுமானால் இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்துவிட்டுப் புறப்படலாம். நாலரை மணி அளவில் யாழ்ப்பாணம். இருட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் மிச்சம் இருக்கும். டயர் ஒன்று காற்றுப் போனாலும், மழை பிடித்துக்கொண்டாலும் அந்த மிச்சம் தாங்கும். இருட்டுக்கு முன் போய்ச் சேரும்படி இருப்பதுதான் நல்ல திட்டம். இன்ன மணிக்குப் போயே ஆக வேண்டும் என்று விரட்டுவது அல்ல.

திரும்பும் நாளில்தான் திட்டங்கள் உடைகின்றன. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொந்தக்காரர் கையைப் பிடிக்கும்போது மறுப்பது கஷ்டம். அதனால் முதலிலேயே ஒரு விதியை வீட்டுப் பெரியவர் வாயால் சொல்லி வைத்துவிடுவது நல்லது. காலை ஐந்து, ஐந்தரைக்குப் புறப்பட்டால் பிற்பகல் நான்கு மணிக்குள் கினிகத்தேனை. புறப்படவே எட்டு மணி தாண்டிவிட்டால் அன்று பொல்பிட்டியவுக்கு இறங்குவதில்லை. மாத்தளையிலோ கண்டியிலோ ஓர் இரவு. அந்தச் செலவைப் புறப்படும்போதே ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தால் வழியில் வாக்குவாதம் வராது.

பருவத்தைப் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. நல்லூரின் 25 நாள் திருவிழா வடக்கில் வெயில் கொளுத்தும் காலத்தில் வருகிறது. அதே நேரம் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவ மழை ஓயாது. இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பகுதி அது. பல ஆண்டுகளில் கண்டிப் பெரஹராவும் இதே நாட்களில் வந்து பின்னேரம் வீதிகளை மூடிவிடும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்கள் வாரக் கடைசியில் நம் வீதிகளை நிரப்பும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வன்னியில் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையக வீதிகளை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அம்பகமுவப் பிரிவுக்கோ வழியில் உள்ள நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்துக்கோ செம்மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்தும் கேட்கலாம்.

நெடும் பயணம் பற்றி உலகம் எங்கும் அனுபவம் ஒன்றுபோலவே பேசுகிறது. வடக்கு மெக்சிகோவில் டெக்சாஸ் எல்லையைக் கடந்து மொன்டெரே, சல்டியோ, மத்தேவாலா வழியாகச் சான் லூயிஸ் பொத்தோசி வரை 700 கிலோமீற்றருக்கு மேல் ஒரே பகலில் ஓட்டுகிறார்கள். பாலைவனச் சமவெளி, அகன்ற நெடுஞ்சாலை என்பதால் அது முடிகிறது. நமது 390 கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய அதே நேரம் போகிறது. கிலோமீற்றரை வைத்து நாளை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அங்கே கொள்ளை பற்றிய பயமும் உண்டு. ஆனாலும் பழகியவர்கள் முதலில் சொல்லும் புத்தி மிகச் சாதாரணமானது: விடியும்போது எல்லையைக் கடந்துவிடு, இருட்டுமுன் படுக்கும் ஊரைச் சேர்ந்துவிடு. வீதியில் மாடு நிற்கும், விளக்கில்லாத லொறி நிற்கும் என்பதே அவர்களுடைய காரணமும். அரசு அனுப்பும் 'பச்சைத் தேவதைகள்' என்ற பச்சை நிற உதவி வண்டிகள் நெடுஞ்சாலைகளில் பழுதான வாகனங்களைத் தேடி ஓடுகின்றன. நமக்கு ஏ-9இல் அப்படி ஒரு சேவை இல்லை. நாடு முழுவதும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது, 119 பொலிஸ் இருக்கிறது. பழுதுக்கு உங்கள் ஸ்பெயார் டயரும் ஜாக்கும்தான். அந்த டயரில் காற்று இருக்கிறதா என்று முதல் நாள் பகலில் பார்த்துவிடுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் நம் வீட்டுப் பெண்கள் புறப்பட்டதிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மலைக் குளிரில் இதைச் சமாளிக்கலாம். வன்னி வெயிலில், அதுவும் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள வயதான அம்மாக்களுக்கு இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே நிறுத்தும் இடங்களை ஆண்களின் தேநீரை வைத்து முடிவு செய்யாமல், சுத்தமான கழிப்பறையை வைத்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கட்டாயம் நிறுத்தம். மாத்திரைகளைக் கீழே கட்டிய பையில் போடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு பேர் ஒண்டிக்கலாம்" என்று ஏற்றும் ஆட்கள்தான் மூச்சு முட்டலையும் வாந்தியையும் கூட்டுகிறார்கள். இறக்கத்தில் பிரேக்குக்குச் சுமை ஏற்றுவதும் அவர்கள்தான்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது சாரதியின் நிலை. யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் பன்னிரண்டு பேருக்கும் பாய் விரிக்கிறார்கள். சாரதி வேன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் படுக்கிறார். மறுநாள் உங்கள் எல்லோரையும் கினிகத்தேனையிலிருந்து கீழே இறக்கப் போகிறவர் அவர். அவரும் ஒரு தொழிலாளி. ஹயரை விட்டுவிட மனமில்லாமல் "எனக்குப் பழக்கம்தான், ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்த முறை வேன் பேசும்போது, முற்பணம் கொடுப்பதற்கு முன், மரியாதையாக இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: "அண்ணே, முந்தின நாள் எத்தன மணிக்குப் படுப்பீங்க? அங்க உங்களுக்கு எங்க படுக்கை போடச் சொல்லணும்?" வாடகைப் பேச்சோடு இதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.